மாரீஸ்வரன் கேட்ட சிவப்பு

“இந்த மானிட்டரும் பொய் சொல்லுது, வாத்தியாரம்மா.”

மாரீஸ்வரன் அலுத்துக்கொண்டார். பர்வீன் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

சிவகாசியில் கல்யாண ஆல்பம் அச்சடிக்கும் ஒரு லேபில் கலர் திருத்துகிறவள் அவள். அவளைவிட ரொம்ப மூத்த போட்டோகிராபர்கள்கூட அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டால் சொல்லித்தருவாள். அதிகம் பேசமாட்டாள். அன்று மாரீஸ்வரன் வருந்தி அழைத்ததால் அவருடைய ஸ்டூடியோவுக்கே வந்திருந்தாள்.

மாரீஸ்வரனுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. இரண்டுமே அவருக்கு ஒரு மாதிரிப் பழுப்பு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்துவிட்டார், கெட்டிக்கார மனுஷன். எடுப்பது அவர் பாடு, கலரைத் திருத்துவது லேபின் பாடு. யாருக்கும் குறையில்லை.

மகள் சிவரஞ்சனியின் கல்யாணம் வந்தபோதுதான் வந்தது வினை. படமெல்லாம் தானே எடுத்தார்; கலரையும் நானே திருத்துவேன், இந்த ஆல்பத்தை மட்டும் இன்னொருத்தர் கையில் கொடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

பெண் புருஷனோடு சிங்கப்பூர் போய்விட்டாள். ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மாதிரிக்குப் போட்ட பக்கத்தில் மாப்பிள்ளை மிளகாய்ப்பொடியில் விழுந்து எழுந்தவர் போலிருந்தார். சம்பந்தி வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கலர் அளக்குற கருவி வாங்கச் சொன்னேனே, அண்ணாச்சி?”

“வாங்கினேன். நீங்க சொன்ன மாதிரியே திரையில தொங்கவிட்டு அளந்தேன். அதுவே எல்லாத்தையும் சரி பண்ணுச்சு.”

“அப்புறம்?”

மாரீஸ்வரன் பிடரியைச் சொறிந்தார்.

“அப்புறம்... கொஞ்சம் சிவப்பு ஏத்தினேன். மானிட்டர்லயும் ஏத்தினேன், படத்துலயும் ஏத்தினேன்.”

“ஏன்?”

“புடவை மங்கலா இருந்துச்சு.”

“எவ்வளவு ஏத்தினீங்க?”

“என் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும்.”

நல்ல கூத்து. கருவி பாடுபட்டுச் சரி செய்ததை மனுஷன் தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறார். பர்வீன் சிரிக்கவில்லை.

“அந்த முகூர்த்தப் புடவை இருக்கா?”

“அது பொண்ணோட போயிருச்சு. அதுல ரவிக்கை தச்சது போக மிச்சத் துண்டு ஒண்ணு இருக்கு.”

எடுத்துவந்தார். பட்டுத் துணி, உள்ளங்கை அகலம் இருக்கும். பர்வீன் அதை ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், திரைக்குப் பக்கத்தில் விரித்தாள். கருவியை மறுபடி தொங்கவிட்டு மானிட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். படத்தில் அவர் ஏற்றியிருந்த சிவப்பையும் நீக்கினாள்.

“துணியைப் பாருங்க. திரையில இருக்குற புடவையைப் பாருங்க. ரெண்டும் வேற வேறயா தெரியுதா?”

மாரீஸ்வரன் மாறிமாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டும் ஒரே பழுப்பு.”

“எனக்கும் ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டும் ஒரே சிவப்பு. மானிட்டர் சரியா இருக்கு, அண்ணாச்சி.”

அவருக்கு ஆறவில்லை. துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ மணவறைக்கு வந்தப்ப மண்டபமே சொல்லுச்சு, இந்தச் சிவப்புல பொண்ணு எப்படி ஜொலிக்கிறா பாருன்னு. என் தங்கச்சி கண்கலங்கிட்டா. சமையக்காரர்கூட வந்து எட்டிப் பாத்துட்டுப் போனார். எல்லாரும் பாத்தாங்க. பெத்தவன் நான் பாக்கல.”

மடியிலிருந்த துணியை விரலால் நீவினார்.

“ஒரே ஒரு தடவை, அந்தச் சிவப்புல அவளைப் பாத்துட்டாப் போதும். எந்த மானிட்டர்ல தெரியும்னு மட்டும் சொல்லுங்க, வாத்தியாரம்மா. எப்பாடு பட்டாவது வாங்கிடுறேன்.”

“எதுலயும் தெரியாது.”

பட்டென்று சொல்லிவிட்டாள். அவள் ஏதாவது வழி சொல்வாள் என்று அத்தனை நம்பிக்கையோடு இருந்தார் மனுஷன். தலையைக் குனிந்துகொண்டார்.

பர்வீன் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புடவை முழுக்கத் திரையைவிட்டு வெளியே போயிற்று. சிவரஞ்சனியின் முகம் மட்டும் நின்றது.

“பொண்ணு எங்க பாக்குது, அண்ணாச்சி?”

மாரீஸ்வரன் நிமிர்ந்தார்.

மாதக்கணக்கில் இந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். புடவையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கட்டுவதற்காகத் தாலியைக் கையில் எடுத்த நேரம் அது. மண்டபம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. கண் நிறைந்துபோய், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய” என்றார் மாரீஸ்வரன்.