ஏழு பேருக்கான அரிசி

மலையடிவாரத்து மடத்தில் குருவாக இருந்தவர் ஒரு பெண். மரகதச் சாமி என்று ஊரில் சொல்வார்கள். முப்பது வயதைத் தாண்டி அதிக நாள் ஆகியிருக்காது. இந்த வயதில் என்ன பெரிய ஞானம் என்று முணுமுணுத்தவர்களும் வீட்டில் ஒரு சிக்கல் என்றால் அங்கேதான் வந்து நின்றார்கள்.

முத்துப்பேச்சிக்கும் ஏறக்குறைய அதே வயது. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறவள். விடுமுறை நாளில் மடத்துக்கு வந்து, முற்றத்தைக் கூட்டிவிட்டு, குருவின் அருகில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கேட்டாள்.

“வீட்ட விட்டுத் தனியாப் போகலாமா சாமி?”

அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அவள். இருப்பதோ ஒரே அறை. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் அடுப்படியில் அவள் பாய் விரிக்க முடியும். விடிவதற்குள் எழுந்து ஏழு பேருக்கும் சோறு வடித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கல்யாணம் ஆகாதவள் உள்ளூரிலேயே தனியாக இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அப்பா குதித்தார். போனால் இந்தப் படியேறாதே என்றும் சொல்லிவிட்டார்.

“அங்க உனக்குத் தூக்கம் வருதா?” என்றார் குரு.

“இல்ல சாமி.”

“அப்ப வீடு பாரு.”

மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கிடைத்தது. கிடைத்ததும் பயம் வந்துவிட்டது. மறுபடியும் வந்தாள்.

“சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிரும் சாமி. மிச்சம்னு ஒண்ணும் நிக்காது.”

“இப்ப நிக்குதா?”

சம்பளம் அப்படியே அப்பாவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

நல்ல நாள் பார்த்துக் குடிபோனாள். பால் காய்ச்சினாள். பால் பொங்கியதைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. உட்கார்ந்து அழுதாள். பிறகு அந்தப் பாலிலேயே காபி போட்டுக் குடித்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தாள். பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு தூக்குவாளி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். மடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த தடவையும் கொண்டுவந்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முத்துப்பேச்சி தனிக்குடித்தனம் போனது நம் மடத்துக்கு வந்த யோகம் என்று மற்ற சீடர்கள் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு என்றால் துறவிகளுக்கும் நாக்கு நீளம்தான்.

ஒரு நாள் குரு தூக்குவாளியை வாங்கவில்லை.

“மடத்துக்குன்னு ஆக்குனதா இது?”

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்திக்குச் சமைக்கத் தனக்குத் தெரியவில்லை என்றாள். ஒரு கை அரிசி எடுத்தால் போதும் என்று தெரியும். ஆனால் யோசனை வேறெங்கோ இருக்கும்போது கை தானாக ஏழு பேருக்கு அள்ளிப் போட்டுவிடுகிறது. மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் சாப்பிடுகிறாள், மில்லில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கிறாள், அப்படியும் தீருவதில்லை. பாதி மாதத்திலேயே அரிசி தீர்ந்துவிடுகிறது. இப்படியே போனால் அறையைக் காலி செய்துவிட்டு அப்பாவின் காலில்தான் போய் விழ வேண்டும்.

“இந்தக் கைக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி.”

“அப்பா பேசுறாரா?”

“இல்ல. படியேறாதன்னு சொன்னவரு சொன்னதுதான்.”

“அவரு படிய நீ ஏறக் கூடாது. உன் படிய அவரு ஏறக் கூடாதுன்னு நீ சொன்னியா?”

“நான் எப்படிச் சொல்வேன்?” என்றவள் தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு சொன்னாள். “கூப்பிட்டா வருவாங்களோ என்னவோ. வந்தாலும் காலை நீட்ட இடமில்ல. இருக்கிறது ஒரே தட்டு. இதுக்குத்தான் போனியான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். சாப்பிட்டுக்கிட்டே கேக்கட்டும்.”

முத்துப்பேச்சி தூக்குவாளியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போயிருந்தது.

“கைக்கு என்ன வழின்னு நீங்க சொல்லலியே சாமி.”

“அது தானாப் பழகிரும். இன்னும் கொஞ்ச நாள்ல ஒருத்திக்கு மட்டும் அள்ளக் கத்துக்கிடும்” என்றார் குரு. “அதுக்கு முன்னால அவங்களக் கூப்பிட்டுரு.”