யாருடைய முழங்கால்?

நீர்நாய் துடியனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பொழுது விடிந்தாலும் குளம், பொழுது சாய்ந்தாலும் குளம். ஆனால் அந்தக் குளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சொன்னதும் அதற்குக் காய்ச்சலே வந்துவிட்டது!

வேங்கைவனக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் ஒவ்வொரு பிராணியும் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். எழுதிக் கொடுக்கும் வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. கண்டறிந்ததைக் காட்டிலுள்ள எல்லோர் முன்னாலும் நின்று வாயால் சொல்ல வேண்டும். புல்லியல் படித்த புள்ளிமான் சித்திரைக்கு அக்கரைப் புல்லைப் பற்றிய ஆராய்ச்சி. மரவியல் படித்த குரங்கு மொக்கையனுக்கு எந்தக் கிளை எவ்வளவு பாரம் தாங்கும் என்ற ஆராய்ச்சி. நீரியல் படித்த துடியனுக்குக் குளத்தின் தென்துறை ஆழம்.

அந்த ஆண்டு கோடை பொல்லாத கோடை. இக்கரையில் புல் தீய்ந்துவிட்டது. அக்கரையில் தீனி இருக்கிறதா, தென்துறை வழியாக இறங்கிப் போகலாமா என்பதை இந்த ஆராய்ச்சிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும் என்று காடே பசியோடு காத்திருந்தது.

துடியன் ஒரே ஒரு முங்கு போட்டால் வேலை முடிந்தது. ஆனால் வடதுறைப் பக்கம் கெண்டை மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்த நேரம் அது! நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மீனையும் நாளையும் சேர்த்தே தின்று தீர்த்தது. கடைசியில் கொக்கு நெடுங்காலனைத் தேடி ஓடியது. போன வருஷம் இதே தென்துறையைப் பற்றிப் பேசித் தேறிய கொக்கு அது.

"அண்ணே! நீங்கதான் காப்பாத்தணும்! தென்துறை ஆழம் எவ்வளவு?"

"இதுக்கா இப்படி மூச்சு வாங்குது? நான் சொன்னதையே சொல்லிடு. 'தென்துறையில் நானே இறங்கிப் பார்த்தேன். அடியில் கெட்டி மணல். தண்ணீர் என் முழங்கால் அளவு.' அவ்வளவுதான். ஒரு சொல்லையும் மாத்தாதே. மாத்தினா குறுக்குக் கேள்வி கேப்பாங்க!"

"நீங்க அளந்து பாத்தீங்களாண்ணே?"

"எனக்கும் ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான். நான் முதல் மார்க் வாங்கலையா?"

துடியனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் தென்துறை மருதமரத்தடியில் கூட்டம். கல்லூரி முதல்வர் கரடியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். குரங்கு முதலில் எழுந்தது. தலைக்கு மேலிருந்த பெரிய கிளையைக் காட்டி, "இது பத்துக் கரடியைத் தாங்கும்!" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து மான் வந்து, "அக்கரையில் என் வயிறு வரைக்கும் பசும்புல் நிற்கிறது!" என்றது. கேட்டவர்கள் வாயில் எச்சில் ஊறியது.

துடியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தது.

"தென்துறையில் நானே இறங்கிப் பார்த்தேன். அடியில் கெட்டி மணல். தண்ணீர் என் முழங்கால் அளவு!"

முன்வரிசையில் வெண்பஞ்சி என்ற முயல் மூன்று குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. பட்டினியில் அதற்கு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கி எழுந்து கேட்டது.

"தம்பி, தப்பா நினைக்காதே. எனக்குக் குட்டிங்க இருக்கு, அதான் கேக்குறேன். உன்னோட முழங்கால் அளவுதானா?"

"என்னோட முழங்கால்தான்க்கா! இந்தா, பாருங்க!" துடியன் தன் குட்டைக் காலைத் தூக்கிக் காட்டியது. கூட்டம் சிரித்தது. வெண்பஞ்சியும் சிரித்தது. அந்த உயரத் தண்ணீர் முயல்குட்டியின் வயிற்றைக்கூட நனைக்காதே!

கரடியார் தலையசைத்ததுதான் தாமதம். "வாங்கடா செல்லங்களா, புல்லு திங்கப் போகலாம்!" என்று வெண்பஞ்சி தண்ணீரில் இறங்கியது. குட்டிகள் வரிசையாகப் பின்னால் இறங்கின.

அடுத்த நொடி நாலு பேரையும் காணோம்!

தண்ணீருக்கு மேல் குமிழிகள்தான் வந்தன. நான் சொன்னேனே, நான்தானே சொன்னேன் என்று மட்டும் துடியனின் தலைக்குள் ஓடியது. அலறிக்கொண்டே குளத்துக்குள் பாய்ந்தது.

உள்ளே போனால் தரையையே காணோம்! போகப் போக ஆழம். கெட்டி மணல் என்று சொன்ன இடத்தில் கொழகொழவென்று சேறு. தன் வாழ்நாளெல்லாம் நீந்திய குளம், அதற்கே அந்நியமாக இருந்தது. தாயையும் இரண்டு குட்டிகளையும் கரையில் தள்ளிவிட்டு மறுபடி முங்கியது. மூன்றாவது குட்டி சேற்றில் மாட்டியிருந்தது. வாயில் கவ்விப் பிடுங்கிக் கொண்டுவந்தபோது குட்டி அசையவே இல்லை. வெண்பஞ்சி அதை நக்கியது, உலுக்கியது. கடைசியில் ஒரு சின்ன இருமல் கேட்டது. காடே அப்போதுதான் மூச்சு விட்டது.

கரடியார் உறுமினார். "துடியா! எப்போ அளந்தே?"

"நான்... அளக்கலைங்கய்யா. நெடுங்காலண்ணன் சொன்னார்."

கொக்கு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. "எனக்குக் கீரி கொடுக்கன் சொன்னதுங்க!"

கீரி பதறியது. "எனக்கு யானை பூவரசியக்கா சொன்னாங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யானை மெதுவாக முன்னே வந்தது.

"ஆமா, நான் அளந்தேன். இறங்கித்தான் அளந்தேன். ஆனா அது நடுவுல வந்த ரெண்டு வெள்ளத்துக்கு முந்தி. அப்போ மணல் இருந்துச்சு. என் முழங்கால் அளவுன்னு சொன்னேன். என் முழங்கால்டா!"

அத்தனை கண்களும் யானையின் முழங்காலுக்குப் போயின. கரடியாரே உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது அது. யானை சொன்ன சொல்லைக் கீரி சொல்லி, கீரி சொன்னதைக் கொக்கு சொல்லி, ஒரு சொல்கூட மாறாமல் எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறார்கள்!

கரடியாருக்குச் சட்டென்று வேறொரு பயம் வந்தது. மானைப் பார்த்தார்.

"சித்திரை! அக்கரைப் புல்லை நீ பாத்தியா?"

மான் ஓவென்று அழுதது. "நான் அக்கரைக்குப் போனதே இல்லைங்கய்யா!"

மைனா ஒன்று பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. "அங்கே ஒரு புல்லும் இல்லை! எல்லாம் கருகிக் கிடக்கு!" என்று கத்தியது.

இதைக் கேட்டதும், பெரிய கிளையில் கால்மேல் கால் போட்டிருந்த குரங்கு சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அது இறங்குவதைப் பார்த்த கரடியாரும் அடியிலிருந்து எழுந்து ஓடினார். ஓடி முடிப்பதற்குள், குரங்கு இறங்கிய ஆட்டத்திலேயே அந்த உளுத்த கிளை மடேரென்று முறிந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விழுந்தது!

துடியன் வெண்பஞ்சியிடம் போய் நின்றது. திட்டும், அடிக்கும் என்று காத்திருந்தது. வெண்பஞ்சி நனைந்த குட்டியை அணைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டது.

"தம்பி, நான் உன்கிட்ட கேட்டேன் இல்லே? அப்பவாவது தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

துடியன் தலையைக் குனிந்துகொண்டே போய், அன்று முழுக்கத் தென்துறையில் இறங்கி இறங்கி முங்கி ஆழத்தை அளந்தது.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்பவனுக்கு மார்க் கிடைக்கலாம், ஆனால் மூழ்குவது அவனை நம்பியவர்கள்தான்.