மரங்கொத்தியோட தனிக் கச்சேரி

குளத்தங்கரையில ஒரு பட்டுப்போன இலவ மரம். உச்சியில கொத்துனா ‘டிங்’, அடியில கொத்துனா ‘டொம்’. சாயங்காலம் தவளைங்க பாடுறப்ப, அந்த மரத்துல தாளம் போடுறது டொக்கன்ங்கிற மரங்கொத்தி.

ஒருநாள் டொக்கன் சொல்லிருச்சு. “இனிமே நான் தனி! பாட்டு வேணாம், நானும் மரமும் மட்டும்!”

“தனியாவா? யாருப்பா கேப்பா?”ன்னுச்சு பெரிய தவளை.

“காடே கேக்கும் பாருங்க மாமா!”

மறுநாள் காலையில ஆரம்பிச்சுச்சு. டிங் டொம் டிங்! கொஞ்ச நேரத்துல கிளையெல்லாம் கரிச்சான் குருவிங்க. ஒண்ணொண்ணும் துள்ளுது, பறக்குது, திரும்ப வந்து உக்காருது! டொக்கனுக்குக் கால் தரையில நிக்கல.

முடிஞ்சதும் அதே மரத்துப் பொந்துக்கு ஓடுச்சு. அங்கதான் விமர்சகர் ஆந்தை இருக்காரு.

“ஐயா, எப்படி?”

ஆந்தை ஒத்தக் கண்ணைத் தொறந்துச்சு. “நடுநடுவுல நிறுத்துன பாரு, அடடா! அந்த அமைதியை இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்டா.”

“கூட்டமும் வந்துருச்சு, பாராட்டும் வந்துருச்சு! ரெண்டும் ஒண்ணா யாருக்குக் கெடச்சிருக்கு!”

அடுத்த கச்சேரி. ஒரே ஒரு ‘டிங்’. அப்புறம் கண்ணை மூடி அமைதி. அமைதியோ அமைதி! பசியில வயிறு கடமுடான்னுச்சு. அதையும் சங்கீதம்னே நெனச்சுக்கிச்சு டொக்கன்!

கண்ணைத் தொறந்தா கிளை காலி. கடைசிக் கரிச்சானும் கெளம்புது.

“அண்ணே, எங்க போறீங்க? இனிமேதான் உச்சகட்டம்!”

“என்னத்த உச்சகட்டம்! நீ கொத்துனாத்தானப்பா பட்டைக்குள்ள இருக்குற பூச்சி வெளிய பறக்கும், நாங்க பிடிச்சுத் திங்க? இன்னைக்கு ஒண்ணுமே வரல!”

“அப்போ... என் சங்கீதம்?”

“அது வேற நடந்துச்சா?”

டொக்கன் அலறிக்கிட்டு பொந்துக்குப் போச்சு. “ஐயா, நீங்களாவது சொல்லுங்க!”

ஆந்தை கொட்டாவி விட்டுச்சு. “அற்புதம்டா! நேத்து டொக்கு டொக்குன்னு உசுரை வாங்குன. இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனேன்!”

டொக்கனுக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. “அவங்க பூச்சிக்கு வந்தாங்க, இவரு தூக்கத்தைப் பாராட்டுனாரு. நடுவுல பட்டினி கெடந்த மேதை நாந்தான்!” ‘டொம்’முன்னு ஒரு கொத்து. புழு வந்துச்சு. முழுங்குச்சு.

கீழருந்து தவளை கேட்டுச்சு. “என்னப்பா, காடே கேட்டுச்சா?”

“ஒருத்தரு தூங்கிட்டாரு மாமா, மத்தவங்க சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க! சாயங்காலம் எனக்கு எடம் இருக்கா?”

எதுக்குக் கைதட்டுறாங்கன்னு தெரியாம தலைகால் புரியாம ஆடுனா, கடைசியில காயுறது நம்ம வயிறுதான்!