வெள்ளைக் கோட்டில் நின்ற வெண்ணெய்ப்பட்டி வண்டி

புத்திசாலிகள் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெண்ணெய்ப்பட்டிக்கு மட்டும் அந்தத் தொந்தரவு இருந்ததே இல்லை.

அந்த ஊர் அரிசி மில் முதலாளி வேலப்பன் புது மிஷின் வாங்க வெளிநாடு போனார். "நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்து சுத்தற மிஷின் வேணும்" என்று கேட்டார். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு பந்தயக் கார். உலகத்திலேயே வேகமான பந்தயத்தில் ஓடுகிற, ஒற்றை ஆள் உட்காருகிற கார். கூடவே அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ள அனுமதிக் கடிதம்.

நெல்லை எந்தப் பக்கம் கொட்டுவது என்று இரண்டு நாள் தேடினார்கள். ஆள் உட்காரும் குழியில் ஒரு மூட்டையைக் கொட்டியும் பார்த்தார்கள். நெல், நெல்லாகவே இருந்தது.

"சரி, வாங்கினது வாங்கினதுதான். பந்தயத்துக்கே கொண்டு போங்க" என்றார் முதலாளி. மில் ஆட்கள் நான்கு பேரைக் கூப்பிட்டார். "தகுதிச் சுற்றுன்னு ஒண்ணு வைப்பாங்களாம். அதுல நல்லபடியா தேறலைன்னா மில் வாசலை மிதிக்காதீங்க."

"பின்பக்கமா வரலாமுங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி பொங்கியண்ணன்.

"அதெல்லாம் தேறின பிறகு பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

வண்டியை யார் ஓட்டுவது என்பதில் போட்டி இருந்தது. மேஸ்திரிதான் முதலில் குழிக்குள் இறங்கினார். வெளியே எடுக்க இரண்டு படி விளக்கெண்ணெய் ஆனது. கடைசியில் ஒல்லியான மாசிலாமணிக்கு அந்த வேலை வந்தது. அவன் பதினோரு வருஷமாக மில் டிராக்டரை ஓட்டுகிறவன். டிராக்டர் ஓட்டுகிற மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. தேறவில்லை என்றால் டிராக்டர் போகும், பெண்ணும் போகும்.

மற்ற இருவரில் அத்தப்பன் மில்லில் சாக்கு தைப்பவன். வட்டமான ஊசிக்கண்ணைப் பார்த்துப் பழகியவன் என்பதால் டயர்ப் பொறுப்பு அவனுக்கு. செங்கோடன் மில்லில் சங்கு ஊதுபவன். ஓட்டுநரோடு ரேடியோவில் பேசும் வேலை அவனுக்கு.

பந்தயம் கானற்பட்டினத்தில். அங்கே தேவசகாயம் என்ற அதிகாரி அவர்களை உட்காரவைத்து விளக்கினார். மிகவும் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர்.

"மொத்தம் இருபது வண்டி. நாளைக்குத்தான் பந்தயம். அதில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று முடிவு பண்ணத்தான் இன்றைக்குத் தகுதிச் சுற்று. தடத்தை ஒரு சுற்று சுற்றிவர யாருக்குக் குறைந்த நேரமோ அவர் முன்னால். முதல் பகுதி முடிந்ததும் மெதுவான ஐந்து பேர் வெளியே. அடுத்த பகுதியில் இன்னும் ஐந்து பேர் வெளியே. மிச்சம் பத்துப் பேர் முன்வரிசைக்கு மோதுவார்கள்."

"மோதணுங்களா?" என்றான் மாசிலாமணி.

"மோதக் கூடாது. போட்டி போடுவார்கள். வெளியே போனவர்களும் நாளைக்கு ஓடலாம், ஆனால் பின்னால் நிற்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால் நிற்கும் இடத்துக்குப் போல் பொசிஷன் என்று பெயர்."

மேஸ்திரி யோசித்தார். "எது போலுங்க?"

"எது போலவும் இல்லை. போல் பொசிஷன்."

"அப்போ அசல் பொசிஷன் யாருக்குங்க?"

தேவசகாயம் தண்ணீர் குடித்தார். பிறகு, "ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அந்தச் சுற்று செல்லாது" என்றார். தடத்தின் இரண்டு ஓரங்களிலும் போட்டிருந்த கோட்டைத்தான் சொன்னார். மாசிலாமணி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்: வெள்ளைக் கோட்டைத் தாண்டாதே.

வண்டி நிறுத்தக் கொடுத்திருந்த கொட்டகைக்குப் போனதும் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் செய்வதை எல்லாம் பார்த்துச் செய்வது என்று தீர்மானமானது. அவர்கள் பேசிக்கொண்டதில் ஒன்று காதில் விழுந்தது: எடை குறைந்தால் வேகம் கூடும். உடனே கலந்து பேசினார்கள்.

"வண்டியில எதைக் கழட்டலாம்?" என்றான் அத்தப்பன்.

"வண்டி முதலாளியோடது. அதுல கை வைக்கக் கூடாது. நம்மளோடது எதுவோ அதைத்தான் குறைக்கணும்" என்றார் மேஸ்திரி. மூன்று பேரும் மாசிலாமணியின் தலைமுடியைப் பார்த்தார்கள்.

கல்யாண மாப்பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். எடை போதுமான அளவு குறையாத மாதிரி இருக்கவே, சும்மா நிற்கும் மற்ற மூவரும் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து, பக்கத்துக் கொட்டகையில் டயர்களுக்குக் கனமான போர்வை சுற்றியிருந்ததை அத்தப்பன் பார்த்தான். டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். அதற்காகச் சுற்றுவது அது. அத்தப்பன் நைசாகப் போய் அந்த டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"மேஸ்திரி, அவங்க டயருக்குக் காய்ச்சலுங்க. கொதிக்குது."

"நம்ம டயருக்கு?"

"சில்லுன்னு இருக்குங்க."

"தொத்திக்கறதுக்குள்ள பார்க்கணும்" என்றார் மேஸ்திரி. நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி நான்கு டயருக்கும் ஒரு டம்ளர் வீதம் ஊற்றினார்கள். அத்தப்பன் இரக்கப்பட்டுப் பக்கத்துக் கொட்டகை டயர்களுக்கும் கொண்டுபோய் ஊற்றப் பார்த்தான். அங்கே இருந்தவர்கள் அவனைத் தூக்கிவந்து இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

தகுதிச் சுற்று தொடங்கியது. மாசிலாமணி வண்டியைக் கிளப்பினான். டிராக்டரில் கிளம்பி வேப்பமரத்தைத் தாண்டுகிற நேரத்துக்குள் இங்கே ஊர் எல்லை வரைக்குமான தூரமே போய்விட்டது.

"செங்கோடா, வளைவு வருது" என்றான் ரேடியோவில்.

"வரட்டும்."

"நான் என்ன பண்றது?"

செங்கோடன் மேஸ்திரியைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அது வளைஞ்சிருக்குது. நீயும் வளைஞ்சுக்கோ."

மாசிலாமணி இருக்கையில் உடம்பை வளைத்துக்கொண்டான். கை தானாகச் சக்கரத்தையும் திருப்பியதால் வண்டி பிழைத்தது.

"பின்னாடி ஒருத்தர் வேகமா வர்றாரு."

"அவசரமா இருக்கும். வழிவிட்டு, எங்க போறாருன்னு கேளு."

மாசிலாமணி ஓரமாக நிறுத்திக் கைகாட்டி வழிவிட்டான். அவர் நிற்காமலே போனார். பின்னாலேயே இன்னும் ஆறு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் விட்டான். பிறகு மறுபடி கிளப்பினான். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் போய், வண்டி அவன் சொன்னதைக் கேட்டது. கடைசி வளைவு நேர்த்தியாகத் திரும்பிற்று. எதிரே நீண்ட நேர்த் தடம். இரண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரமாய் ஜனம். டிராக்டர், கல்யாணம் எல்லாம் அவன் கண் முன்னால் வந்து நின்றன. முழு வேகத்தில் விட்டான்.

தடத்தின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், வெள்ளையாக ஒரு கோடு.

மாசிலாமணி உள்ளங்கையைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான். வண்டி புகையோடு வழுக்கிக்கொண்டே வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அது சுற்று முடியும் கோடு. அதைத் தாண்டினால்தான் நேரமே பதிவாகும்.

"செங்கோடா, தப்பிச்சேன். ஒரு சாண்ல நின்னுட்டேன்."

ரேடியோவில் மேஸ்திரி வந்தார். "கெட்டிக்காரன். தாண்டவே இல்லியே?"

"முன் சக்கரம்கூடத் தாண்டலீங்கண்ணா."

"இனி என்ன வந்தாலும் நகராதே."

பின்னால் வந்த வண்டிகள் சறுக்கி, சுழன்று, திட்டி நின்றன. தடத்தை ஒருவன் அடைத்துக்கொண்டு நிற்பதால், எல்லாரும் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிச் சுற்றிலும் சிவப்புக் கொடியைக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் செங்கோடனின் முகம் மாறியது.

"மேஸ்திரி, செங்கொடி ஏத்திட்டாங்க."

"எத்தனை கொடி?"

"தடம் பூராவும்."

"வேலைநிறுத்தம்" என்றார் மேஸ்திரி. "யாருக்கு என்ன குறைன்னு நமக்குத் தெரியாது. ஆனா கொடி ஏறிட்டா வேலை பார்க்கறது துரோகம்."

மூன்று மொட்டைகளும் தடத்துக்குப் போய் மாசிலாமணியின் வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. மாசிலாமணி உள்ளேயிருந்தபடியே ஆதரவு தெரிவித்தான். தேவசகாயம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எழுந்திருங்கள். ஐயா, எழுந்திருங்கள்."

"உங்க கோரிக்கையை அவங்க ஒத்துக்கிட்டாங்களாங்க?" என்று மேஸ்திரி அக்கறையாகக் கேட்டார்.

தேவசகாயம் அவர்களுக்குப் பக்கத்தில், தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோரிக்கை நியாயமானதுதான் போலிருக்கிறது என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டான்.

பத்து ஆட்கள் சேர்ந்து வண்டியைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். மற்றவர்கள் மூன்று பகுதியையும் முடித்த பிறகு, பெரிய பலகையில் முடிவு வந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டான். "நீ பாருடா, என்னால முடியாது."

அத்தப்பன் பார்த்தான். "வெண்ணெய்ப்பட்டின்னு போட்டிருக்குது. பக்கத்துல இருபது."

"மத்தவங்களுக்கு?"

"பத்தொம்பது, பதினெட்டு, பதினேழுன்னு குறைஞ்சுக்கிட்டே போகுது. அந்தப் போல்காரனுக்கு வெறும் ஒண்ணு."

மாசிலாமணி கண்ணைத் திறந்து தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். பிறகு குழந்தை மாதிரி அழுதான். மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டார்.

"எவ்வளவுக்கு எவ்வளவு?" என்றார் முதலாளி.

"இருபதுக்கு இருபதுங்க."

"டிராக்டர் அவனுக்குத்தான்னு சொல்லு. கல்யாணத்துக்கு அரிசி நம்ம மில்லுல இருந்து" என்றார் முதலாளி.

ஒன்று மட்டும் வாங்கிய ஓட்டுநர் என்ன பாடுபடுவாரோ என்று மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பொட்டலம் முறுக்கு எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனான். அவர் பல்லை எல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். துக்கம் மிஞ்சினால் சிலருக்கு அப்படி ஆகும். மாசிலாமணி முதுகைத் தட்டிக்கொடுத்து, "அடுத்த தடவை ரெண்டாவது வாங்கிரலாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் மதியம் பந்தயம். இருபது வண்டிகளும் வரிசையில் நின்றன. கடைசியில் மாசிலாமணி. முன்னால் மேலே ஐந்து சிவப்பு விளக்குகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக எரிந்து, பிறகு எல்லாம் சேர்ந்து அணைந்ததும் கிளம்ப வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லவேண்டிய தேவசகாயம் அன்று விடுப்பில் இருந்தார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஐந்தும் எரிந்தன. சட்டென்று ஐந்தும் அணைந்தன.

"கரண்ட் போச்சு" என்றான் மாசிலாமணி. இஞ்சினை நிறுத்தினான்.

மற்ற பத்தொன்பது வண்டிகளும் இரைச்சலோடு பறந்தன. கரண்ட் இல்லாத நேரத்தில் இப்படியா ஓட்டுவது என்று மேஸ்திரி வருத்தப்பட்டார். செங்கோடன் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை. அதிலிருந்து நிஜமாகவே கரண்ட் போயிருக்கிறது என்பது உறுதியாயிற்று. முதலாளிக்குச் சொன்னார்கள்.

"அங்கேயுமா?" என்றார் முதலாளி. "கவலைப்படாதீங்க. மில் ஜெனரேட்டரை மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பறேன். ஒன்பது நாள்ல வந்துரும். அதுவரைக்கும் இருக்கற இடத்தை விட்டுக் குடுத்துடாதீங்க."

மாசிலாமணி விட்டுக் கொடுக்கவில்லை. சாயங்காலம் கொடி, பந்தல், நாற்காலி எல்லாம் பிரித்துக்கொண்டு எல்லாரும் போன பிறகும், விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அத்தப்பன் மட்டும் தடத்தில் நடந்துபோய், மாட்டு வண்டி வரப்போகிறதே என்று அந்த வெள்ளைக் கோட்டை அழித்துவிட்டு வந்தான். பாவம், மாடுகளுக்குப் படிக்கத் தெரியாது, கோட்டைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது.