மாறனின் தட்டு

பந்தியில் இடம் பிடிக்கும், ஒரு பருக்கை தின்னாது. தின்னாமலே தினமும் கழுவிக் கவிழ்க்கப்படும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆற்றங்கரைக் கோயிலை ஒட்டி ஒரு தேவாரப் பாடசாலை. தேசிகர் ஐயா பண் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி கோமளம். மேல்சுரம் வந்தால் அவள் குரல் உடைந்துவிடும். பூங்குன்றன் அவளுக்குத் தகரடப்பா என்று பட்டம் வைத்திருந்தான்.

அவள் அப்பா அவளைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அது. "பிடிக்கலைன்னா என்கூட வந்துடு" என்று முன்பே சொல்லியிருந்தார். பிடிக்கிறதா இல்லையா என்பதே கோமளத்துக்குத் தெரியவில்லை.

அன்று தட்டுப் போடுவது அவள் முறை. ஐயா அடுக்களையில் மறுநாளுக்கான கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, இங்கே யார் நிலைப்பாங்க, யார் போயிடுவாங்க?"

"நீயே சொல்லேன்."

"நல்ல குரல் இருந்தா நிலைப்பாங்கன்னு நினைச்சேன். மாறனுக்கு என்ன குரல்! பொங்கலுக்குப் போனவன் வரவேயில்லை. பூங்குன்றன் கழுதை மாதிரி கத்துறான், இங்கேயே இருக்கான்."

"காதுல விழுது, தகரடப்பா" என்றான் வாசலில் நின்ற பூங்குன்றன்.

"வீட்டு நினைப்பு வந்தா போயிடுவாங்களோ? எனக்குத்தான் ரொம்ப வருது. நான் போகலையே. ஒண்ணும் புரியலை ஐயா."

"தட்டைப் போடு. பிள்ளைங்க பசியோட இருக்காங்க."

போட்டாள். ஐயா வந்து வரிசையைப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே."

"மாறன் தட்டை உள்ளே வெச்சுட்டேன். இன்னுமா போடணும்?"

ஐயா தானே போய் அதை எடுத்து வந்தார். துண்டால் துடைத்து, மாறன் உட்காரும் இடத்தில் வைத்தார்.

"இதைப் போட்டா மாறன் வந்துடுவானா ஐயா?"

"இங்கே தட்டு கிடக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

கோமளத்துக்கு இன்னும் குழம்பியது. "அப்போ இது யாருக்கு?"

"உனக்கு அம்மை போட்டு ஊருக்குப் போனியே. தீபாவளி கழிச்சுத்தானே வந்தே?"

"ஆமாம்."

"வந்ததும் நேரா பந்திக்கு ஓடினே. உன் தட்டைத் தேடினியா?"

"இல்லையே. என் இடத்துலேயே இருந்தது" என்றாள் கோமளம்.

மறுநாள் அப்பா வந்தார். மதியம் சாப்பிட்டார். தனியாகப் பேருந்து ஏறினார்.

இரவுப் பந்திக்குக் கோமளம் மாறனின் தட்டை முதலில் போட்டாள்.