கரிச்சி கவ்விய கால்

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

நம் நாட்டுக்குத் துப்பாக்கி வராத காலத்தில், கரிசல் சீமையை ஒரு பாளையக்காரர் ஆண்டார். அவர் மனைவிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது கரிச்சி என்ற, கன்னி இனத்து வேட்டை நாய். கறுத்த உடம்பு, ஒட்டிய வயிறு. மோப்பம் பிடித்துத் தேடாது. கண்ணால் பார்த்து, காற்றாகப் பாய்ந்து முயலைப் பிடிக்கும்.

கரிச்சி மூன்று குட்டி போட்டது. தாய்க்கும் குட்டிகளுக்கும் தினம் ஒரு குடம் ஆட்டுப்பால். கொண்டு வருபவள் வெயிலாள். இடுப்பில் கைக்குழந்தையோடு வருவாள். வாங்கி வைப்பவன் நாய்க்காரன் உடையான்.

ஆனாலும் குட்டிகள் மெலிந்தன. ஒன்று செத்தே போனது.

"பாலை யாரோ திருடுறாங்க, சாமி," என்றான் உடையான். "கரிச்சியை அவிழ்த்துவிடுங்க. திருடனைக் கவ்விடும்."

பாளையக்காரர் மனுசரை நம்பாதவர். நாயை நம்பினார். அது கவ்வியவர் சீமையை விட்டே போக வேண்டும் என்று ஆணையிட்டார்.

முதல் நாள் அவிழ்த்துவிட்டபோது எதிரே வந்தவன் தண்ணீர் சுமப்பவன். பயந்து ஓடினான், கவ்வியது. இரண்டாம் நாள் மாடு மேய்ப்பவன். அவனும் ஓடினான், கவ்வியது. இருவரும் ஊரை விட்டுப் போனார்கள். குட்டிகளோ இன்னும் மெலிந்தன.

மூன்றாம் நாள் வெயிலாள்.

"பிள்ளைக்காரி. பால் தேவைப்படுமில்ல?" என்று பாளையக்காரரிடம் சொல்லிச் சிரித்தான் உடையான்.

கரிச்சி பாய்ந்து வந்தது. ஓடத்தான் அவளுக்குக் கால் துடித்தது. விழுந்தால் பிள்ளை என்னாகும்? கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கரிச்சி அவளைச் சுற்றியது. பிள்ளையின் பாதத்தை நக்கியது. காலடியிலேயே படுத்துக்கொண்டது.

வெயிலாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சாமி, நீங்க ஒரு பத்தடி ஓடுங்க, பார்ப்போம்."

தன் நாய் தன்னைக் கவ்வாது என்று காட்டவென்றே ஓடினார் பாளையக்காரர். கரிச்சி எழுந்து அவர் கெண்டைக்காலைக் கவ்வியது.

"அப்ப நீங்களும் திருடனா, சாமி? ஓடுறது எதுவோ அதை அது பிடிக்குது, அவ்வளவுதான். கூடவே கிடக்கிற நாய்க்காரனுக்கு இது தெரியாதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உடையான் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஓடவில்லை. மெல்ல, மெல்ல, மெல்ல நடந்தான்.

அவன் குடிசையில் ஆட்டுப்பாலில் எடுத்த நெய் மூன்று பானை இருந்தது.

சீமையை விட்டுப் போனது உடையான். மற்ற இருவரையும் பாளையக்காரரே நொண்டி நொண்டிப் போய் அழைத்து வந்தார். அன்று முதல் பாலை வெயிலாளே தன் கையால் ஊற்றினாள். குட்டிகள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

பிள்ளைகளே, பயந்து ஓடுகிறவரெல்லாம் குற்றவாளியும் அல்ல, பதறாமல் நடக்கிறவரெல்லாம் நல்லவரும் அல்ல.