பெண் கேட்கப் போன மஞ்சள் கம்ப்யூட்டர்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடைகள் பல உண்டு. பழுதில்லாததையும் பழுதாக்கித் தருகிற கடை ஒன்றுதான். அதன் முதலாளி கொம்பையா. ஆவுடை, பேச்சிமுத்து என்று இரண்டு உதவியாளர்கள். மூன்று பேர் புத்தியையும் ஒன்றாகக் கூட்டினால் அரை ஆளுக்குத் தேறும்.

கொம்பையாவுக்குச் செண்பகத்தின் மேல் கொள்ளை ஆசை. செண்பகத்தின் அப்பா தெய்வநாயகத்துக்கோ தன் முப்பது வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் மேல் ஆசை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அதன் பிளாஸ்டிக் பெட்டி இப்போது மஞ்சளேறிக் கிடந்தது.

"வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே ஆக்கிக் கொண்டாரும். பொறவு பொண்ணைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி, வாங்கிய அன்று எடுத்த போட்டோவையும் கொடுத்தார்.

கொம்பையா சென்னை நண்பனுக்குப் போன் போட்டான்.

"உள்ள இருக்கதையெல்லாம் கழட்டிட்டு, பார்லர்ல முடியை வெளுக்கப் போடுற க்ரீமைப் பூசு. பாலிதீன் பேப்பர் சுத்தி வெயில்ல வை. க்ரீம் மட்டும் காயவே கூடாது" என்றான் நண்பன்.

மொட்டைமாடியில் க்ரீம் பூசி, சுற்றி வைத்தாயிற்று. அப்போதுதான் ஆவுடைக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, வெயில்ல வச்சா காயுமே?"

"காயக்கூடாதுன்னானே!"

"அப்போ வெயில்ல வச்சிட்டு, வெயில் படாம பாத்துக்கிடுவோம்" என்றான் பேச்சிமுத்து.

இவ்வளவு பெரிய மூளை தன்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறதே என்று கொம்பையாவுக்குக் கண் கலங்கியது. மூவரும் மாறி மாறிக் குடை பிடித்தார்கள். பெட்டி நிழலில் சொகுசாக இருந்தது, இவர்கள்தான் கருகினார்கள். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் அப்படியே இருந்தது.

"கறுப்புக் குடை பிடிச்சா வெள்ளை எங்கேருந்து வரும்?" என்று கண்டுபிடித்தான் ஆவுடை.

மறுநாள் புதிதாகக் க்ரீம் பூசி, கொம்பையாவின் வெள்ளை வேட்டியைப் பந்தலாகக் கட்டினார்கள். காற்று சும்மா இருக்குமா? வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெண் கேட்கப் போக அவனிடம் இருந்தது அந்த ஒரே வேட்டிதான். மூவரும் தெருத்தெருவாகத் துரத்திக்கொண்டு ஓடி, பொழுது சாயும் நேரத்தில் ஒரு முருங்கை மரத்திலிருந்து அதை மீட்டு வந்தார்கள்.

மாடியில் தனியாக வெயில் காய்ந்த பெட்டி பால்போல வெளுத்திருந்தது.

"பாத்தியளா, வேட்டியோட மகிமையை!" கொம்பையா வேட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். பேச்சிமுத்து போட்டோவை எடுத்து உற்றுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல பூஜை போட்டு நெத்தியில மஞ்சள் பூசியிருக்காவ. நம்ம பெட்டியில இல்லையே?"

கொம்பையா போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தான். "வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரின்னுல்லா சொன்னாரு! போட்டோவுல நெத்திதான் தெரியுது. முதுகுல?"

"நெத்தியில பூசுனவங்க முதுகை மட்டும் விட்டிருப்பாவளா?" என்றான் ஆவுடை.

அரைக் கிலோ மஞ்சள்தூளைக் குழைத்து, முன்னும் பின்னும் ஓர் இடம் விடாமல் பூசினார்கள்.

மறுநாள் காலை வேட்டியைக் கட்டிக்கொண்டு, பெட்டியோடு போய் நின்றான் கொம்பையா. தெய்வநாயகத்தின் முகம் சிவந்தது. கதவுக்குப் பின்னால் செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ்! இதுக்கு அந்தப் பழைய மஞ்சளே தேவலையேய்யா!"

கொம்பையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவ்வளவுதானே மாமா? அந்த மஞ்சளையே கொண்டாந்திருதேன். ஒரு முப்பது வருஷம் டைம் குடுங்க. அதுவரைக்கும் பொண்ணை மட்டும் வேற எடத்துல பேசிராதீய."